சட்டை உரிக்கும் சந்நியாசி

இந்த வாரம் ஒரு கொலைக் கேஸ். பதறாதீர்கள், பலியானது ஒரு நண்டு. கொன்றவன் என் நண்பன். கொன்றது அவனுக்கே தெரியாது என்பதுதான் இதில் விசேஷம்.

என்னோடு பி.காம். படித்தவன். அமெரிக்காவில் நியூஜெர்சியில் குடியிருக்கிறான். ஒரு கோடை விடுமுறையில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருக்கிறான். அங்கே ஒரு கடை வாசலில் அவனுடைய ஒன்பது வயது மகள் நகர மறுத்து நின்றுவிட்டாள். கம்பிக் கூண்டுக்குள் பத்து, இருபது சங்குகள். எல்லாவற்றுக்கும் பளபளவென்று பெயின்ட். ஒன்றில் கால்பந்து, ஒன்றில் சிரிக்கிற மூஞ்சி. பார்த்துக்கொண்டே இருக்கும்போது சங்குகள் நடக்க ஆரம்பித்தன! ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நண்டு.

"நாய் வேணும், நாய் வேணும்னு ஒரு வருஷமா உயிரை எடுத்துக்கிட்டிருந்தா. நண்டோட போச்சேன்னு சந்தோஷமா வாங்கிக் குடுத்துட்டேன்டா" என்றான் என்னிடம்.

மூன்று மாதம் போனது. ஒரு நாள் காலையில் பார்த்தால் சங்குக்குப் பக்கத்தில் நண்டு வெளியே கிடக்கிறது. கால், கொடுக்கு, கண் எல்லாம் அப்படி அப்படியே இருக்கிறது. தொட்டால் அசைவில்லை. சங்கு காலி. மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். ஆபீசுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் நண்பன் நண்டையும் சங்கையும் சேர்த்துப் பழைய பேப்பரில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டான். கதை முடிந்தது.

முடியவில்லை. அதன் பிறகு ரொம்ப நாள் கழித்து, இந்தப் பத்திக்காகப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஓரிடத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே கிடந்தது நண்டின் பிணம் இல்லை. நண்டு கழற்றிப் போட்ட சட்டை! நண்டு சங்குக்குள்ளேதான் இருந்திருக்கிறது. வெண்ணெய் மாதிரி மெத்தென்ற உடம்போடு, அசையத் தெம்பில்லாமல், உயிரோடு.

நண்பனிடம் இதைச் சொல்வதா, வேண்டாமா? அதைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன்னால், மனிதன் இந்தப் பிராணியைப் புரிந்துகொள்ள எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டான் என்பதைச் சொல்லியாக வேண்டும். தப்பு என் நண்பன் மட்டும் செய்ததல்ல. பெரிய பெரிய தலைகளே இந்த நண்டிடம் ஏமாந்திருக்கின்றன.

அலெக்சாண்டருக்கு வாத்தியாராக இருந்த அரிஸ்டாட்டிலைத் தத்துவ மேதை என்றுதான் நமக்குத் தெரியும். மனிதர் கடல் பிராணிகளையும் விட்டுவைக்கவில்லை. கி.மு. 4-ம் நூற்றாண்டில் கிரேக்கத் தீவான லெஸ்போஸில் தங்கியிருந்த காலத்தில், அங்கிருந்த உப்பங்கழியில் மீன், நண்டு, கணவாய் என்று கிடைத்ததையெல்லாம் கூர்ந்து கவனித்தார். சங்குக்குள் குடியிருக்கும் நண்டைப் பற்றி அவர் எழுதிவைத்திருப்பதைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். நத்தை தன் ஓட்டோடு ஒட்டியே பிறக்கிறது. இந்த நண்டு அப்படி ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. காலியாகக் கிடக்கும் சங்கைத் தேடி நுழைகிறது. வளர வளர, பெரிய சங்குக்கு மாறுகிறது. இவ்வளவையும் சரியாகச் சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் சொன்னார். நண்டு வகைகள் வசந்த காலத்தில், பாம்பு சட்டை உரிப்பதைப் போல, மேல் ஓட்டைக் கழற்றிப் போடுகின்றன என்றார். அதுவும் சரி. என்ன, இந்த நண்டு எப்படிப் பிறக்கிறது என்ற இடத்தில் மட்டும் சறுக்கிவிட்டார். சேற்றிலிருந்து தானாகவே உண்டாகிறது என்று எழுதினார்!

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பலரும் குழப்பிக்கொள்கிற இடம் இது. சங்கு நண்டுக்கு இருப்பது இரண்டு போர்வைகள். ஒன்று, வெளியில் சுமக்கிற சங்கு. அது எப்போதோ செத்துப்போன ஏதோ ஒரு நத்தையின் வீடு. வாடகை கொடுக்காத வாடகை வீடு. இன்னொன்று, நண்டின் உடம்போடு பிறந்த ஓடு. அதுதான் சட்டை. சங்கை மாற்றுவது வீடு மாறுகிற மாதிரி. ஐந்து நிமிஷ வேலை. ஓட்டை உரிப்பது மறுபிறவி எடுக்கிற மாதிரி. அதில் உயிர் போகலாம்.

'எலி வளையானாலும் தனி வளை' என்று நம் ஊரில் சொல்வோம் இல்லையா? அதை நூற்றுக்கு நூறு கடைப்பிடிப்பது எலி அல்ல, இந்த நண்டுதான். உடம்பின் முன்பாதிக்குத்தான் கெட்டியான ஓடு. பின்பாதி வயிற்றுப் பகுதி சதைப்பற்றாக, சுருண்டு, எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இருக்கும். அதைச் சங்குக்குள் செருகிக்கொண்டு, உள்ளே இருக்கும் தூணை வால் நுனியால் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆபத்து வந்தால் மொத்தமாக உள்ளே போய், பெரிய கொடுக்கால் வாசலை அடைத்துவிடும். வெளியே இழுத்தால் உடம்பு பிய்ந்தாலும் பிய்யும், பிடி விடாது.

வீட்டுப் பிரச்னை எப்போதும் உண்டு. ஒரு பெரிய சங்கு கரை ஒதுங்கினால் நண்டுகள் கூடிவிடும். பெரியவர் புது வீட்டுக்குப் போக, அவர் விட்ட வீட்டுக்கு அடுத்தவர், அவர் விட்டதற்கு அதற்கடுத்தவர் என்று வரிசையாகக் குடிமாற்றம் நடக்கும். 1980-களில் அமெரிக்காவில் ஐவன் சேஸ் என்ற சமூகவியல் அறிஞர் இதைப் பிரமாதமாக ஆராய்ந்தார். மனிதர்களின் வீடுகளும் வேலைகளும் கைமாறுகிற கணக்கும் நண்டுகளின் சங்குகள் கைமாறுகிற கணக்கும் ஒரே மாதிரி இருக்கின்றன என்றார். சென்னையில் வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது.

இப்படித் தனியாக ஒரு கூட்டுக்குள் ஒடுங்கிக் கிடப்பதைப் பார்த்த ஐரோப்பியர்களுக்கு குகையில் தவம் செய்யும் சந்நியாசி ஞாபகம் வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஹெர்மிட் க்ராப்'. நாமும் துறவி நண்டு என்கிறோம். பிரெஞ்சுக்காரர்கள் ஒரு படி மேலே போய் 'சந்நியாசி பெர்னார்ட்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு, பெரிய ஜாடிக்குள் குடியிருந்த கிரேக்க ஞானி டயோஜினஸின் பெயர். நிலத்தில் வாழ்கிற வகைக்கு 1829-ல் லாத்ரெய் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் 'சீனோபைட்டா' என்று பெயர் சூட்டினார். மடத்தில் கூட்டாக வாழும் துறவிகளைக் குறிக்கும் சொல் அது. நிஜத்தில் அந்தப் பெயர்தான் பொருத்தம். நில நண்டுகள் கும்பல் கும்பலாகத்தான் வாழும். தனியாக இருந்து அதற்குப் பழக்கம் இல்லை.

ஆனால், இந்தச் சந்நியாசிக்கு ஆசை உண்டு. கொஞ்சம் கைநீளமும் உண்டு. 17-ம் நூற்றாண்டில் இந்தோனேசியாவின் அம்போன் தீவில் டச்சுக் கம்பெனி உத்தியோகத்தில் இருந்தார் ஒருவர். பெயர் ரம்ஃபியஸ். ஜெர்மனியில் பிறந்தவர். செடி, கொடி, சிப்பி, சங்கு என்றால் உயிர். அவர் வாழ்க்கையே ஒரு சோகக் காவியம். 1670-ல் பார்வை போனது. 1674-ல் வந்த பூகம்பத்தில் மனைவியும் ஒரு மகளும் இறந்துபோனார்கள். 1687-ல் தீ விபத்தில் அவர் சேர்த்த படங்கள் எரிந்தன. ஆனாலும் மனிதர் விடவில்லை. அடுத்தவர் கையால் எழுதவைத்து வேலையை முடித்தார். அம்போன் தீவின் அதிசயங்களைப் பற்றிய அவருடைய புத்தகம் 1705-ல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1702-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்தப் புத்தகத்தில் சங்கு நண்டுகள் மேல் ஒரு புகார் பதிவாகியிருக்கிறது. ஆசை ஆசையாகச் சேர்த்த அழகான சங்குகளை வெயிலில் வெளுப்பதற்காக உயரமான பெஞ்சு மேல் பரப்பி வைப்பாராம். ராத்திரியோடு ராத்திரியாக நண்டுகள் பெஞ்சில் ஏறி, நல்ல சங்குகளைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுமாம். பதிலுக்குத் தங்களுடைய பழைய கந்தல்களை அங்கேயே விட்டுவிட்டுப் போகுமாம்! எக்ஸ்சேஞ்ச் ஆஃபரை நம்ம ஊர் பாத்திரக் கடைக்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சங்கு அந்த நண்டின் சொந்தச் சரக்கு இல்லை என்பது அம்போனில் இருந்தவருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. அதே காலத்தில் ஹாலந்தில் ஒரு மேதைக்குத் தெரியவில்லை. யான் ஸ்வாமர்டாம். சாதாரண ஆள் இல்லை. தேனீக் கூட்டத்தின் 'ராஜா' உண்மையில் ராணி என்பதை அறுத்துப் பார்த்துச் சொன்னவர். நண்டு சங்கு மாற்றுவதெல்லாம் வெறும் கட்டுக்கதை, சங்கு அதன் உடம்போடு சேர்ந்தது என்று அவர் எழுதிவைத்துவிட்டார். அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 1737-ல் அச்சேறிய புத்தகத்தில் அது இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் அரிஸ்டாட்டில் சரியாகச் சொன்ன விஷயம்! அறிவு எப்போதும் முன்னோக்கியே போகும் என்று நினைக்காதீர்கள். அதுவும் நண்டு மாதிரி பக்கவாட்டில் போவதுண்டு.

சரி, சட்டை விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் நம் கதாநாயகர் வருகிறார்.

ரெயோமுர். 1683-ல் பிரான்சில், கடலோர ஊரான லா ரோஷெலில் பிறந்தவர். இளம் வயதிலேயே பாரீஸ் விஞ்ஞான அகாடமியில் இடம்பிடித்தவர். தெர்மாமீட்டர், எஃகு, பூச்சிகள் என்று தொட்டதிலெல்லாம் முத்திரை பதித்தவர். பிரெஞ்சுக் கடலோர, ஆற்றோர மக்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. நண்டுக்குக் கால் ஒடிந்தால் திரும்ப முளைக்கும் என்பார்கள். படித்தவர்கள் சிரித்தார்கள். ரெயோமுர் சிரிக்கவில்லை. ஆற்று இறால் போன்றிருக்கும் நன்னீர் நண்டுகளின் கால்களை வெட்டிவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார்.

முதலில் வெட்டிய இடத்தை ஒரு சவ்வு மூடியது. பிறகு அது மெல்லப் புடைத்தது. கூம்பு மாதிரி நீண்டது. அதற்குள் குட்டிக் கால் ஒன்று மடங்கி உட்கார்ந்திருந்தது! 1712-ல் அகாடமியில் இதை வெளியிட்டார். மீன்பிடிக்கிறவன் சொன்னது சரி, சிரித்த அறிஞர்கள்தான் தப்பு என்று நிரூபணமானது.

1718-ல் அடுத்த கட்டம். அந்த நண்டு சட்டை உரிப்பதை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பக்கத்திலிருந்து பார்த்து எழுதினார். உரிப்பதற்குச் சில மணி நேரம் முன்னால் நண்டு கால்களை ஒன்றோடொன்று உரசுகிறது. மல்லாக்கப் படுக்கிறது. வாலை மடக்குகிறது, நீட்டுகிறது. மீசையை ஆட்டுகிறது. உடம்பை ஓட்டிலிருந்து தளர்த்திக்கொள்வதற்கான தேகப்பயிற்சி! பிறகு முதுகு ஓட்டுக்கும் வாலுக்கும் நடுவே இணைப்பு விடுகிறது. நண்டு தலையை, கண்ணை, ஒவ்வொரு காலையும் பழைய உறையிலிருந்து உருவி எடுக்கிறது. கை நுழையாத வளையலுக்குள்ளிருந்து கையை எடுக்கிற மாதிரி. இதில் சில சமயம் கால் ஒடிந்துவிடும். சில நண்டுகள் பாதியிலேயே செத்தும் போகும். தப்பித்து வெளியே வந்த நண்டுக்குப் பக்கத்தில், இன்னொரு முழு நண்டு கிடக்கும். கண் முனை முதல் வால் நுனி வரை எதுவும் குறையாத வெறும் கூடு.

என் நண்பன் பேப்பரில் சுற்றிப் போட்டது இதைத்தான்.

இந்த ஆராய்ச்சிகளின் ஓரத்தில் ஒரு மருந்துக்கடை சமாசாரமும் இருக்கிறது. ஐரோப்பிய மருந்துக்கடைகளில் அந்தக் காலத்தில் 'நண்டுக் கண்' என்ற ஒன்றை விற்பார்கள். வட்டமான வெள்ளைக் கல். பொடித்துச் சாப்பிட்டால் நெஞ்செரிச்சல் நிற்கும். அது கண்ணே இல்லை. நன்னீர் நண்டு சட்டை உரிப்பதற்கு முன், பழைய ஓட்டிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தில் ஒரு பகுதியை உருவி, இரைப்பைச் சுவரில் கல்லாகச் சேமித்து வைக்கிறது. உரித்த பிறகு அதைக் கரைத்துப் புது ஓட்டுக்குப் பயன்படுத்துகிறது. கால்சியம் கார்பனேட். இன்றைக்கும் அசிடிட்டி மாத்திரைகளில் இருப்பது அதே சரக்குதான்.

வணிகவியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். பழைய மெஷினைக் கழிக்கும்போது அதன் ஸ்க்ராப் வேல்யூவைக் கணக்கில் எடுக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். நண்டுக்கு அது தெரிந்திருக்கிறது! நிலத்துத் துறவி நண்டு செய்வது இன்னும் கறாரான கணக்கு. உரித்த சட்டையைத் தானே தின்றுவிடும். அதிலிருக்கும் சுண்ணாம்புதான் புது ஓட்டைக் கெட்டிப்படுத்துகிற மூலதனம். அசிங்கமாக இருக்கிறதே என்று அந்தக் கூட்டை எடுத்து வெளியே எறிந்தால், நண்டின் மொத்த பேங்க் பேலன்ஸையும் எறிந்ததாக அர்த்தம்.

இந்த உரிப்புக்கு உத்தரவு போடுவது யார்? அதைக் கண்டுபிடிக்க இன்னும் இருநூறு வருஷம் ஆனது. 1905-ல் அமெரிக்காவில் ஸெலனி என்ற விஞ்ஞானி, நண்டின் கண் இருக்கிற காம்பை நீக்கினால் அது சீக்கிரமாகச் சட்டை உரிக்கிறது என்று கவனித்தார். ஆக, கண் காம்புக்குள் ஏதோ ஒரு பிரேக் இருக்கிறது. அது ஒரு ஹார்மோன் என்பது பின்னால் தெரிந்தது. (நம் கடலோர இறால் குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறாலின் ஒரு கண் காம்பை நீக்குகிற வழக்கம் வந்ததும் இந்த வழியில்தான். முட்டை வளர்ச்சிக்கான பிரேக்கும் அங்கேயே இருக்கிறது.) ஆக்ஸிலரேட்டர் எங்கே? 1953-ல் பிரான்சில் காபே என்பவர் நண்டின் தலைப் பகுதியில் அதற்கான சுரப்பியை அடையாளம் காட்டினார்.

ஆக்ஸிலரேட்டர் ஹார்மோனைக் கையில் பிடித்துப் பார்த்த கதை இன்னும் சுவாரஸ்யம். 1954-ல் ஜெர்மனியில் பூட்டனாண்ட், கார்ல்சன் இருவரும் பூச்சிகளின் சட்டை உரிக்கும் ஹார்மோனைப் பிரித்தெடுத்தார்கள். 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவை அரைத்துக் கிடைத்தது 25 மில்லிகிராம். 1966-ல் ஆஸ்திரேலியாவில் ஹாம்ப்ஷயர், ஹார்ன் என்ற இருவர், கடல் கல்லிறாலின் கழிவு ஒரு டன்னிலிருந்து அதே குடும்பத்து ஹார்மோனை எடுத்தார்கள். கிடைத்தது 2 மில்லிகிராம்! எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். ஆனால், அந்த ஊசி முனையளவு பொருள்தான் கடலிலும் கரையிலும் கோடானுகோடி நண்டுகளுக்கு 'நேரமாச்சு, கழற்று' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

இந்த நண்டு வீட்டுக்குள் எப்படி வந்தது? ஜப்பானில் திருவிழாக் கடைகளில் குழந்தைகளுக்கு இதை விற்கிற பழக்கம் உண்டு. 1970-ல் ஜப்பான் அரசு நிலத்துத் துறவி நண்டை இயற்கைச் சின்னமாக அறிவித்துச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. அப்போது ஜப்பான் கையில் இருந்தது, தெற்கே ஒகசவாரா தீவுகளில் இருந்த கொஞ்சம் நண்டுதான். 1972-ல் ஓகினாவா திரும்பக் கிடைத்ததும் பார்த்தால், அங்கே நண்டு ஏராளம்! அதனால் அனுமதி பெற்றவர்கள் மட்டும் பிடித்து விற்கலாம் என்ற ஏற்பாடு வந்தது.

அமெரிக்காவில் இது 1970-களில் சூடுபிடித்த வியாபாரம். கரீபியன் தீவுகளில் பிடித்த நண்டுகள் பெட்டி பெட்டியாகக் கடற்கரைக் கடைகளுக்கு வந்தன. நியூஜெர்சியின் ஓஷன் சிட்டியில் துறவி நண்டுகளுக்கு அழகிப் போட்டியே நடத்தியிருக்கிறார்கள். 'சுலபமாக வளர்க்கலாம், செலவே இல்லை' என்பதுதான் விற்பனைத் தந்திரம்.

அந்தச் 'சுலபம்' எவ்வளவு பெரிய பொய் என்று பாருங்கள். இந்த நண்டு கரையில் வாழ்ந்தாலும் மூச்சு விடுவது செவுளால்தான். செவுள் ஈரமாக இருந்தால்தான் காற்று இறங்கும். கம்பிக் கூண்டுக்குள், ஏ.சி. அறையில், காய்ந்த காற்றில் அது கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுத் திணறுகிறது. கூண்டின் தரையில் கூழாங்கல். சட்டை உரிக்கப் புதைந்துகொள்ள மண் இல்லை. அதனால்தான் பல நண்டுகள் ஒரு வருஷம்கூடத் தாண்டுவதில்லை. சரியாக வளர்த்தவர்கள் கையில் அதே நண்டு 30 வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறது!

இன்னொன்று. கடையில் விற்கிற நண்டு எதுவும் பண்ணையில் பிறந்ததல்ல. எல்லாம் கடற்கரையில் பிடித்தவை. தாய் நண்டு முட்டைகளைக் கடலில்தான் விடும். குஞ்சு வாரக்கணக்கில் கடலில் நீந்தி, பல உருவம் மாறி, பொடி சங்கு ஒன்றைத் தேடிப் போட்டுக்கொண்டு கரையேறும். 1962-ல் புரொவென்சானோ என்ற விஞ்ஞானி இந்தக் குஞ்சுகளை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார். 2018-ல் அமெரிக்காவில் ஒரு பெண்மணி தன் வீட்டிலேயே நூற்றுக்கு மேல் வளர்த்துக் கரையேற்றினார். ஆனாலும் கடைக்கு வருகிற அளவுக்கு அது தொழிலாக வளரவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பேரனோ பேத்தியோ ஒன்றை வாங்கி வைத்திருந்தால், இதைப் படித்துக் காட்டுங்கள்.

நண்டு சட்டை உரிக்கப் போகிறது என்பதற்கு அடையாளம் உண்டு. நிறம் மங்கிச் சாம்பல் பூசினது போலாகும். கண்ணில் பளபளப்புக் குறையும். அடிக்கடி தண்ணீர் குடிக்கும். மண்ணைத் தோண்டித் தோண்டிப் பார்க்கும். ஒடிந்த கால் இருந்தால், அந்த இடத்தில் ஜெல்லி மாதிரி ஒரு மொட்டு தெரியும். 1712-ல் ரெயோமுர் பார்த்தாரே, அதே மொட்டு. பிறகு ஒரு நாள் நண்டைக் காணோம். மண்ணுக்குள் போய்விட்டது.

அது போவதற்கு மண் வேண்டும். மூடி போட்ட கண்ணாடித் தொட்டியில், மணலையும் தேங்காய் நார்த் தூளையும் ஐந்துக்கு ஒன்று கலந்து, பிடித்தால் பிடி நிற்கிற ஈரத்தில், குறைந்தது அரை அடி ஆழத்துக்குப் போட வேண்டும். பெரிய நண்டாக இருந்தால் அதன் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம். உள்ளே காற்றின் ஈரப்பதம் 80 சதவிகிதத்தை ஒட்டி இருக்கட்டும். குளோரின் நீக்கிய நல்ல தண்ணீர் ஒரு கிண்ணம், கடல் உப்பில் கலந்த தண்ணீர் ஒரு கிண்ணம். பெயின்ட் அடிக்காத சங்குகள் நான்கைந்து, ஒன்றைவிட ஒன்று பெரிதாக. சுண்ணாம்புச் சத்துக்கு முட்டை ஓடு அல்லது நம் நாட்டு மருந்துக் கடைகளில் கடல் நுரை என்று கொடுக்கிற கணவாய் ஓடு.

அவ்வளவுதான் நீங்கள் செய்ய வேண்டியது. அதற்கப்புறம் செய்யக் கூடாததுதான் முக்கியம். தோண்டாதீர்கள். பொடி நண்டுக்கு மூன்று, நான்கு வாரம். பெரிய நண்டுக்கு இரண்டு மாதமோ, அதற்கு மேலோகூட ஆகும். உள்ளே அது செத்துவிட்டதா என்ற சந்தேகம் உங்களைப் பிய்த்துத் தின்னும். மூக்கை நம்புங்கள். அழுகின மீன் நாற்றம் வந்தால்தான் செத்திருக்கிறது. நாற்றம் இல்லையென்றால் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது. இருட்டு, ஈரம், தனிமை மூன்றும் அதற்கு வேண்டும். மெத்தென்று கிடக்கும் நண்டை மற்ற நண்டுகள் தின்றுவிடும் என்பதால்தான் புதைந்துகொள்கிறது. 'என்ன ஆச்சோ' என்று அன்போடு தோண்டுகிற கையால்தான் நிறைய நண்டுகள் செத்துப்போகின்றன.

என் நண்பன் வீட்டில் நடந்த மாதிரி மண்ணுக்கு மேலேயே உரித்துவிட்டால்? தொடாதீர்கள். அடிப்பாகமும் மேல்பாகமும் வெட்டின பிளாஸ்டிக் பாட்டிலை அதைச் சுற்றி நிறுத்தி, மற்ற நண்டுகள் அண்டாமல் வேலி போடுங்கள். உரித்த சட்டையை அங்கேயே விட்டுவிடுங்கள். அது பிணமா சட்டையா என்று தெரியவில்லையா? சட்டை என்றால் உள்ளே காலியாக, காகிதம் மாதிரி எடையற்று இருக்கும். சங்கின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிறின கொடுக்கு ஒன்று தெரியலாம்.

'நண்டு கொழுத்தால் வளையில் தங்காது' என்று பழமொழி. திமிர் பிடித்தவர்களைச் சொல்கிறோம். ஆனால், வளருகிற எந்த நண்டுக்கும் வேறு வழி கிடையாது. ஓடு வளராது. உள்ளே இருக்கிற உடம்பு வளரும். ஒரு கட்டத்தில், தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஓட்டையே கழற்றிவிட்டு, உலகத்திலேயே பலவீனமான பிராணியாகச் சில நாள் கிடந்தால்தான் அடுத்த அளவுக்குப் போக முடியும்.

சரி, நண்பனிடம் சொன்னேனா? சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்போ நான்தான் கொன்னேனாடா?"

"தெரியாமத்தானே செஞ்சே" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்ல?

இரண்டு நாள் யோசித்திருக்கிறான். அப்புறம் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, விஷயத்தைச் சொல்லிவிட்டான். அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அழுவாள், இல்லை சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்துத் தயாராக இருந்திருக்கிறான்.

அவள் இரண்டும் செய்யவில்லை. "எனக்குத் தெரியும்ப்பா" என்றாளாம்.

முந்தின வருஷமே பள்ளிக்கூட லைப்ரரியில் ஒரு புத்தகத்தில் படித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. ஏனென்று கேட்டதற்கு, "நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்" என்று சொல்லிவிட்டு ஹோம்வொர்க் செய்யப் போய்விட்டாளாம்.